மதுரை மாடிக்கு மூன்று கிலோவாட்டா, ஐந்தா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் சொந்த வீடு, மேலே சுமார் 900 சதுர அடி மொட்டை மாடி, வீட்டில் இரண்டு ஏசி. கோடையில் இரண்டு மாத கரண்ட் பில் எட்டாயிரத்தைத் தொடுகிறது, மார்கழி, தையில் மூவாயிரம் வருகிறது. மாடியில் சோலார் போட மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கியிருக்கிறீர்கள். ஒருவர் 3 கிலோவாட் போதும் என்கிறார், இன்னொருவர் 5 கிலோவாட் போட்டால் "பில்லே வராது" என்கிறார், மூன்றாமவர் பேட்டரியோடு 5 கிலோவாட் ஹைப்ரிட் என்கிறார். மோனோ பெர்க், டாப்கான், பைஃபேஷியல் என்று ஆளுக்கொரு பேனல் பெயரும் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் "எந்தப் பேனல் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வி முழுவதையும் படித்தால், இந்த மூவரில் யார் சொல்வது என் வீட்டுக்குப் பொருந்தும் என்பதுதான் உங்கள் உண்மையான சந்தேகம் என்று தெரிகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் எலக்ட்ரிகல் படித்தவன். பன்னிரண்டு வருடமாக மதுரை, திண்டுக்கல், விருதுநகர் பக்கம் வீட்டு மாடிகளில் சோலார் அளந்து, அமைத்து, பழுது பார்த்து வருகிறேன். இந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பேனல் எந்த வகை என்பது மூன்றாவதாகப் பார்க்க வேண்டிய விஷயம். முதலில் உங்கள் பில், அடுத்தது மாடியில் விழும் நிழல். இந்த இரண்டையும் பார்க்காமல், மாடி எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிலோவாட் சொல்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

பில்லில் இருந்து தொடங்குவோம். நீங்கள் ஒரு வருட ரீடிங்கைக் கொடுத்தது பெரிய உதவி. ஏப்ரல், மே 1100 யூனிட். ஜூன், ஜூலை 900. ஆகஸ்ட், செப்டம்பர் 800. அக்டோபர், நவம்பர் 650. டிசம்பர், ஜனவரி 620. பிப்ரவரி, மார்ச் 730. மொத்தம் 4800 யூனிட். இதில் ஒவ்வொரு பில்லிலும் முதல் 100 யூனிட் தமிழ்நாட்டில் இலவசம். அதாவது வருடத்துக்கு 600 யூனிட்டுக்கு நீங்கள் இப்போதும் காசு கட்டுவதில்லை. அதையும் சோலாரில் உற்பத்தி செய்து "சேமிக்க" நினைத்தால், இலவசமாக வருவதற்குப் பணம் போடுவதாக ஆகிவிடும். எனவே சோலார் ஈடுகட்ட வேண்டியது அதிகபட்சம் 4200 யூனிட்தான்.

அடுத்து, ஒரு கிலோவாட் பேனல் எவ்வளவு தரும்? நிழல் இல்லாத மாடியில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் என்று வைத்துக் கணக்குப் போடலாம். வருடத்துக்கு 1400 முதல் 1500 யூனிட். எங்கள் பக்கத்து மாடிகளில் நான் பார்த்து வருவதும் இதைச் சுற்றித்தான். ஆனால் மாதத்துக்கு மாதம் ஒரே மாதிரி இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் வானம் தெளிவாக இருக்கும், வெயிலும் கொளுத்தாது, அப்போதுதான் பேனல் நன்றாக வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு வாரம் முழுக்க நாளைக்கு ஒரு யூனிட் கூட வராமல் போனதையும் பார்த்திருக்கிறேன். "ஒரு நாளைக்கு 5 யூனிட் நிச்சயம்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், அது மாசி மாதத்துக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ரீடிங்கில் இதைப் பொருத்திப் பார்ப்போம். 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்த பிறகு வீட்டு பில்லில் வந்த விலையை வைத்துப் போட்ட கணக்கு இது, ரூபாயை முழுமையாக்கியிருக்கிறேன். சோலார் இல்லாமல் ஆறு பில்லும் சேர்த்து வருடத்துக்கு ஏறக்குறைய 29,700 ரூபாய் கட்டுகிறீர்கள். 2 கிலோவாட் போட்டால் அது 6,000 ரூபாய்ப் பக்கம் இறங்கும். 3 கிலோவாட் போட்டால் 1,300 ரூபாய். 5 கிலோவாட் போட்டால் பூஜ்யம். இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி மறுபடி பாருங்கள். முதல் 2 கிலோவாட் உங்களுக்கு வருடத்துக்கு 23,700 ரூபாய் மிச்சம் செய்கிறது. மூன்றாவது கிலோவாட் ஐயாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக. நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்து 1,300 ரூபாய்!

ஏன் இப்படி என்றால், நம் பில் அடுக்கடுக்காக விலை ஏறும் பில். அந்த 2024 ஜூலைக் கட்டணப்படி, 400 யூனிட் வரை யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள்தான். 500ஐத் தாண்டினால் எட்டரை ரூபாய் அளவு, 600க்கு மேல் ஒன்பதரை, 800க்கு மேல் பத்தரை, 1000க்கு மேல் பதினொன்றரைக்கு மேல். அதோடு, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரையிலான யூனிட் பாதி விலையில் கிடைக்கிறது. 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மின்வாரியத்திடம் வாங்குவதையும் அதற்கு அனுப்புவதையும் அளக்கும் மீட்டருக்கு நெட் மீட்டர் என்று பெயர். அதைப் போட்ட வீட்டில், நீங்கள் வாங்கிய யூனிட்டில் இருந்து அனுப்பிய யூனிட்டைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் பில். எனவே சோலார் எப்போதும் மேல் அடுக்கில் இருந்துதான் வெட்டிக்கொண்டு கீழே வருகிறது. முதலில் பதினொரு ரூபாய் யூனிட் போகும், அப்புறம் பத்து, ஒன்பது. கடைசியில் அந்தப் பாதி விலை யூனிட்டையும், அதற்கும் கீழே இலவச யூனிட்டையும் வெட்ட ஆரம்பிக்கும். அந்த இடத்துக்கு வந்த பிறகு பேனல் சேர்ப்பதில் பயன் இல்லை. மிஞ்சும் யூனிட் அடுத்த பில்லுக்குப் போகும், உண்மைதான். ஆனால் உங்கள் வீட்டில் 5 கிலோவாட் போட்டால் எல்லாப் பில்லிலும் மிஞ்சும். நிதியாண்டுக் கணக்கு முடியும்போது மிஞ்சிய யூனிட்டுக்குக் கிடைக்கும் விலை, நீங்கள் மேல் அடுக்கில் வாங்கும் விலைக்குப் பக்கத்தில் கூட வராது.

மத்திய அரசின் மானியமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78,000தான். நான்காவது, ஐந்தாவது கிலோவாட்டை முழுக்க உங்கள் கைக்காசில் போட வேண்டும். இப்போது எங்கள் பக்கம் 3 கிலோவாட் ஆன்கிரிட், அதாவது பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் சோலார், முழுதாக அமைக்க இரண்டு லட்சத்தை ஒட்டி ஆகிறது. மானியம் போக ஒன்றேகால் லட்சம். வருடத்துக்கு இருபத்தெட்டாயிரத்துச் சொச்சம் மிச்சமானால் நாலரை வருடத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். 5 கிலோவாட்டுக்காகக் கூடுதலாகப் போடும் ஒரு லட்சமோ, அதற்கு மேலோ, உங்கள் இப்போதைய செலவில் பேனலின் ஆயுளுக்குள் திரும்பாது.

எனவே என் பதில் 3 கிலோவாட். 2 போதாதா என்று நீங்கள் கேட்டால், கணக்குப்படி அதுவும் தவறே இல்லை, போட்ட பணம் அதில்தான் சீக்கிரம் திரும்பும். கையில் பணம் இறுக்கமாக இருந்தால் தயங்காமல் 2 போடுங்கள். நான் 3 என்று சொல்வதற்குக் காரணம், நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் செலவு வருடா வருடம் ஏறத்தான் செய்கிறது. ஒரு மின்சார ஸ்கூட்டர், ஒரு இண்டக்ஷன் அடுப்பு, பிள்ளைகளின் அறைக்கு மூன்றாவது ஏசி. பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் அப்போது மானியம் மறுபடி கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. பழைய பேனலும் புதிய பேனலும் வாட் பொருந்தாது, பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக்கும் சோலார் இன்வெர்ட்டரையும் மாற்ற வேண்டி வரும். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் மின்சாரக் கார் வாங்குவதாக இருந்தால் மட்டும் 5 பற்றி யோசியுங்கள். அப்போது கணக்கே வேறு.

இந்தக் கணக்கில் எது உறுதி, எது உறுதியில்லை என்றும் சொல்லிவிட வேண்டும். யூனிட் உற்பத்தி பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம், அதைத் தாண்டிப் பெரிதாக மாறாது. விலை அடுக்கும் நெட் மீட்டர் விதியும் அப்படியில்லை. இருபத்தைந்து வருடம் உழைக்கும் பேனலுக்கு, இன்றைய கட்டணத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். கட்டணம் ஏறினால் உங்களுக்கு லாபம் கூடும். நெட் மீட்டர் விதி இறுகினால் குறையும். அதனால்தான் ஐந்து வருடத்துக்குள் பணம் திரும்பும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்கிறேன். "25 வருடத்தில் 15 லட்சம் சேமிப்பு" என்று அச்சடித்த தாளை யாராவது நீட்டினால் அதை மடித்து வைத்துவிடுங்கள்.

சரி, மூன்றாமவர் சொன்ன ஹைப்ரிட். இங்கே ஒரு விஷயம் தெரியாமல் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். சாதாரண ஆன்கிரிட் சோலார், தெருவில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் வீட்டில் ஃபேன் சுற்றாது. இது பழுதில்லை, வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன், லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பியைத் தொடும்போது நம் மாடியில் இருந்து கரண்ட் போய்க்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட், வீட்டுக்கு மட்டும் தனியாகக் கொடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு இன்னொரு லட்சமாவது தனியாக வேண்டும், பேனல் அளவுக்கு அது உழைக்காது. மதுரை நகருக்குள் மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவதும், மழைக்காலத்தில் அவ்வப்போது போவதும்தான் என்றால், இப்போது உங்கள் வீட்டில் இருக்கும் சாதாரண இன்வெர்ட்டரும் பேட்டரியுமே போதும், அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தில் இருக்கும் நோயாளி, அல்லது கரண்ட் இல்லாமல் நிற்கும் தொழில் இருந்தால் ஹைப்ரிட் வாங்குங்கள். பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து வாங்காதீர்கள், நெட் மீட்டர் இருக்கும் வரை மின்வாரியமே உங்களுக்குப் பேட்டரி.

இப்போது நிழல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பழுது என்று கூப்பிடப்பட்டுப் போன வீடுகளில் பாதிக்கு மேல் பழுது பேனலில் இல்லை. ஒரு தை மாதக் காலையில் போன வீட்டைச் சொல்கிறேன். ஆறு பேனல், நீளப் பக்கம் மேல் கீழாக வரும்படி வைத்த ஒரே வரிசை. கார்த்திகையில் இருந்தே யூனிட் வரவில்லை, மேகம் என்று சொல்லிவிட்டார்கள் என்று வீட்டுக்காரர் குறைபட்டார். மாடிக்கு ஏறினோம். வானம் பளிச்சென்று இருந்தது. தெற்குக் கைப்பிடிச்சுவர் மூன்றரை அடி உயரம், பேனலின் முன்கால் ஓரடி, சுவருக்கும் பேனலுக்கும் இடைவெளி இரண்டடிக்கும் குறைவு. சுவரின் நிழல் ஆறு பேனலின் கீழ் விளிம்பிலும் ஒரு நாடா மாதிரி படிந்திருந்தது. அகலம் ஒரு ஜாண் கூட இல்லை. பேனலில் பத்தில் ஒரு பங்கைக் கூட மறைக்கவில்லை. ஆனால் இன்வெர்ட்டர் திரையில் ஆயிரம் வாட்டுக்குக் கீழே காட்டியது. அவர் தந்த காபியைக் குடித்தபடி அங்கேயே நின்றோம். பதினொரு மணியை ஒட்டி அந்த நாடா மெல்லச் சுருங்கி விளிம்பை விட்டு இறங்கியது. சில நிமிடத்தில் திரை ஆயிரத்து எண்ணூறைத் தாண்டியது. அவர் ஒன்றும் பேசவில்லை, குனிந்து அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார்.

காரணம் இதுதான். பேனலுக்குள் செல்கள் சங்கிலி மாதிரி ஒன்றோடொன்று தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. ஒரு கண்ணியில் கரண்ட் குறைந்தால் அந்தத் தொடர் முழுக்கக் குறையும். இப்போது வரும் ஹாஃப் கட் பேனலில் மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனி, எனவே கீழ் விளிம்பு மறைந்தால் கீழ் பாதி மட்டும் போகும். ஆறு பேனலிலும் கீழ் பாதி போனால் மொத்தத்தில் பாதி போகிறது. அந்த வீட்டில் புதிதாக எதையும் வாங்கவில்லை. பேனல்களின் கால்களை எல்லாம் இரண்டடி உயர்த்தினோம், அவ்வளவுதான்.

உங்கள் மாடிக்கு ஒரு கணக்கு தருகிறேன். மதுரையில் டிசம்பர் கடைசியில் காலை ஒன்பது மணி அளவில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளும், வடமேற்கு நோக்கி. நண்பகலில் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, நேர் வடக்கே. எனவே தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுச் சுவர், தென்னை, டிஷ் ஆன்டெனா எல்லாவற்றின் உயரத்தையும் குறித்து, இந்தக் கணக்குப்படி தள்ளி இடம் பாருங்கள். தெற்குக் கைப்பிடிச்சுவரில் இருந்து குறைந்தது நாலடி. தொட்டிக்கு வடக்கே பேனல் வைக்கவே வேண்டாம். துணி காயப் போடும் கொடியையும் மறக்காதீர்கள், பேனல் வந்த பிறகு அது எங்கே போகும் என்று வீட்டில் எல்லோரிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்துக் காலி மனையில் நாளைக்கு மாடி வீடு எழும்புமா என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. தெற்கிலும் கிழக்கிலும் மேற்கிலும் காலி மனை இருந்தால் அந்த ஓரத்தை விட்டு வடபக்கமாக வையுங்கள்.

இடம் என்று பார்த்தால் உங்களுக்குக் கவலை இல்லை. இப்போது பரவலாக வரும் 540, 550 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம், எடை 28 கிலோ அளவு. ஆறு பேனல் போட்டால் 3.2, 3.3 கிலோவாட். நடக்கவும் கழுவவும் வழி விட்டாலும் 300 சதுர அடிக்குள் முடிந்துவிடும். பேனல் 3.3 கிலோவாட், இன்வெர்ட்டர் 3 கிலோவாட் என்று கொட்டேஷனில் இருந்தால் அது சரியான அமைப்புதான். பேனல் எழுதியிருக்கும் வாட்டை நிஜ மாடியில் எப்போதாவதுதான் தொடும். மானியத்துக்கு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள்.

சாய்வு பற்றி: மதுரை கிட்டத்தட்ட 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. 10 முதல் 12 பாகை தெற்குச் சாய்வு போதும். வட இந்தியாவில் போடும் 25 பாகையை அப்படியே இங்கே போட்டிருக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் காற்று பிடிப்பதுதான் மிச்சம். ஏப்ரல் நடுவில் இருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, எனவே நேர் தெற்கு கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வீட்டின் வாக்கு தென்கிழக்காகவோ கிழக்கு மேற்காகவோ இருந்தால் சில சதவீதம்தான் குறையும். நிழல் விழும் தெற்கை விட நிழல் இல்லாத கிழக்கு எவ்வளவோ மேல். சாய்வை 5 பாகைக்குக் கீழே மட்டும் கொண்டுவர வேண்டாம். மழைத் தண்ணீர் கீழ்ச் சட்டத்தில் தேங்கி, அங்கே சேறு கட்டி, நான் மேலே சொன்ன அதே விளிம்பு நிழலை அதுவே உண்டாக்கும்.

இப்போது நீங்கள் கேட்ட பேனல் வகை. மோனோ பெர்க், டாப்கான் இரண்டுமே ஒற்றைப் படிகச் சிலிக்கான்தான், செல்லின் பின்பக்க வேலைப்பாடு வேறு. பெர்க் 20, 21 சதவீதத் திறன், டாப்கான் 22ஐத் தொட்டு அதற்கு மேல். மாடியில் இடம் தாராளமாக இருக்கும் உங்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியமில்லை, 550 வாட் என்றால் இரண்டும் 550 வாட்தான். நம் ஊருக்கு முக்கியம் சூடு. சித்திரை வெயிலில் மாடியில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போகும். எழுதியிருக்கும் வாட் 25 டிகிரியில் சோதித்தது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் பெர்க் 0.35 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.30 அளவு. உச்சி வெயிலில் ஒன்று 13 சதவீதம் இழந்தால் மற்றது 11 சதவீதம் இழக்கிறது. வருடத்துக்குச் சராசரி போட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்கும். தேய்மானத்திலும் டாப்கானுக்கு உத்தரவாதத் தாளில் கொஞ்சம் நல்ல எண் இருக்கிறது. ஆனால் நம் வெயிலிலும் ஈரத்திலும் இருபது வருடம் ஓடிய டாப்கான் மாடி இன்னும் எங்கும் இல்லை, எனவே அந்த எண்ணைப் பாதி நம்பிக்கையோடுதான் வைத்துக்கொள்கிறேன். விலை வித்தியாசம் மொத்தத்தில் நாலைந்தாயிரத்துக்குள் என்றால் டாப்கான் எடுங்கள், அதற்கு மேல் கேட்டால் பெர்க் போதும். பைஃபேஷியல், பின்பக்கமும் வெளிச்சம் வாங்கும். வெள்ளை ஓடு பதித்த மாடியில் ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் சில சதவீதம் கூடும். தரையோடு ஒட்டி வைத்தால் ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. அதன் உண்மையான நன்மை, இருபக்கமும் கண்ணாடி இருப்பதால் ஈரம் உள்ளே புகுவது குறைவு.

மானியம் வேண்டும் என்றால் உள்நாட்டில் செய்த செல்லைக் கொண்டு உள்நாட்டில் செய்த பேனல்தான் போட வேண்டும், டிசிஆர் என்று கேளுங்கள். டிசிஆர் இல்லாதது விலை குறைவு, அதைக் காட்டி "மானியம் இல்லாமலே மலிவு" என்று சிலர் பேசுவார்கள். 3 கிலோவாட் வரை அந்தப் பேச்சு கணக்குக்கு ஒத்துவராது. பேனல் வந்து இறங்கியதும் ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்து, வரிசை எண்ணை பில்லோடு ஒப்பிடுங்கள். ஏற்றும்போது பேனல் மேல் யாரும் கால் வைக்க விடாதீர்கள். கண்ணாடி உடையாது, உள்ளே செல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் அது தெரியவரும்.

பேனலை விட நான் அதிகம் பயப்படுவது அதைச் சுற்றியுள்ள சின்னச் சாமான்களைப் பற்றி. ஆறு பேனலைத் தொடராகக் கோத்தால் 300 வோல்ட்டுக்குப் பக்கத்தில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், வரும். வெயில் இருக்கும் வரை அதை அணைக்க முடியாது. ஒரு வீட்டில் பேனல் வயர்களைச் சேர்க்கும் இணைப்பான் ஒன்றைக் கழற்றினேன், பிளாஸ்டிக் உருகி இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டு, விரலில் கருகிய வாசனை அன்று முழுக்கப் போகவில்லை. ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் வேறு கம்பெனி எம்சி4 இணைப்பான். பார்க்க ஒன்று போலவே இருக்கும், பொருந்தவும் செய்யும், உள்ளே இறுக்கம் இருக்காது. எனவே இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி இணைப்பான், முறையான கருவியால் அழுத்தியது என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பேனலின் டிசி பக்கமும் வீட்டுக் கரண்டான ஏசி பக்கமும், வோல்டேஜ் திடீரென்று எகிறினால் காக்கும் சர்ஜ் பாதுகாப்பு, தனித்தனி எர்த் குழி, இடிதாங்கி. தாங்கும் சட்டம் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பாக இருக்கட்டும், வெள்ளி பெயிண்ட் அடித்த சாதாரண இரும்பு நாலு மழையில் துருப்பிடிக்கும். தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடிக்க விடாதீர்கள், ஒழுகினால் பிறகு சரி செய்வது பெரும்பாடு. மேலே கான்கிரீட் கட்டை வார்த்து அதில் காலை நிறுத்தலாம். ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டினால் கீழே வற்றல் காயப் போடலாம், மேல்மாடி அறையும் குளிரும். ஆனால் செலவு கூடும், காற்றின் இழுப்பும் கூடும். அந்த உயரத்துக்கு ஒரு சிவில் ஆளைக் கூப்பிட்டு மாடியைக் காட்டாமல் முடிவு செய்யாதீர்கள். நேரில் பார்க்காமல் நான் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

கழுவுவது எளிது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடியற்காலையில், மெல்லிய துடைப்பான் போதும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடி மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஊற்றி அப்படியே காய விடாதீர்கள், வெள்ளைத் திட்டாகப் படியும், அப்புறம் எதிலும் போகாது.

விண்ணப்பிக்கும் முன் இரண்டு விஷயம். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். காலமான அப்பா பெயரிலேயே இருக்கும் வீடுகள் ஏராளம், பெயர் மாற்றம் முடியாமல் மானிய விண்ணப்பம் நகராது. அப்புறம், உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று வெள்ளை அட்டையிலோ பில்லிலோ பாருங்கள். சோலார் அதைத் தாண்டினால் பளுவையும் கூட்ட வேண்டி வரும். நெட் மீட்டர் மாட்டும் நாளில் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கையும் புதிய மீட்டரின் இரண்டு ரீடிங்கையும், அதாவது வாங்கியது, அனுப்பியது இரண்டையும், மீட்டர் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். முதல் இரண்டு பில்லில் அனுப்பிய யூனிட் கழியாமல் வருவது அடிக்கடி நடக்கிறது, அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்துக்குப் போனால் திருத்திக் கொடுத்துவிடுவார்கள்.